அமெரிக்காவின் சின்ன கல்லூரிகளில் சாக்கர்: பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

என் மகள் அமெரிக்காவின் வடகிழக்கில் ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் நான்கு சீசன் சாக்கர் ஆடினாள். இடது பக்க டிஃபெண்டர். அவள் சேர்ந்த நாளிலிருந்து தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் போன் செய்து கேட்ட கேள்விகள் இவை. நியூ ஜெர்சியிலிருந்தும் கேட்டார்கள், சென்னையிலிருந்தும் கேட்டார்கள். அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் வேறு ஆட்டம் என்பதால் நம் கால்பந்தை இங்கே சாக்கர் என்றே எழுதுகிறேன்.

லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்றால் ஓவியம், இலக்கியம் மட்டும் சொல்லித் தரும் இடமா?

இல்லை. இயற்பியல், கணிதம், கணினி அறிவியல், பொருளாதாரம் எல்லாம் உண்டு. இளநிலைப் படிப்புதான் இங்கே முக்கியம். வகுப்புகள் சின்னவை, மேஜர், அதாவது முதன்மைப் பாடம், எது என்று இரண்டாம் ஆண்டு முடிவில் அறிவித்தால் போதும். அளவைச் சொன்னால்தான் நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிபடும். ஹேவர்ஃபர்ட் என்ற கல்லூரியில் மொத்த மாணவர்களே ஏறத்தாழ 1,400 பேர். ஸ்வார்த்மோரில் 1,600-ஐ ஒட்டி, வில்லியம்ஸில் 2,000-ஐ ஒட்டி. நம்மூரில் ஒரு பெரிய மேல்நிலைப் பள்ளியில் இதைவிட அதிகம் பேர் படிப்பார்கள்.

இவ்வளவு சின்ன இடத்தில் அணிக்கு ஆள் எங்கிருந்து வருகிறார்கள்?

அங்கே விளையாடுகிறவர்களின் விகிதம் மிக அதிகம். ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் போன்ற கல்லூரிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு மாணவர் ஏதோ ஒரு வார்சிட்டி அணியில், அதாவது கல்லூரியின் அதிகாரபூர்வ அணியில், இருப்பார். நாற்பதாயிரம் பேர் படிக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அணிவீரர்களை டிவியில் பார்க்கலாம். இங்கே உங்கள் பக்கத்து டெஸ்கில் உட்கார்ந்து தத்துவ வகுப்புக்குக் குறிப்பெடுப்பவர்தான் சனிக்கிழமை கோல்கீப்பர். சாக்கர் அணிப் பட்டியலில் பொதுவாக 25 முதல் 30 பேர் வரை இருப்பார்கள்.

டிவிஷன் 3 என்கிறார்களே, மூன்றாம் தரமா?

எல்லோரும் முதலில் இப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. 1973-இல் உறுப்புக் கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்தது. பிரித்ததன் அடிப்படை, விளையாட்டுக்காகக் கல்லூரி எவ்வளவு செலவிடுகிறது, ஸ்காலர்ஷிப் தருகிறதா என்பது. டிவிஷன் 3-இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளோடு மூன்றில் பெரிய டிவிஷன் இதுதான். லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் பெரும்பாலானவை இதில் இருக்கின்றன.

விதிவிலக்குகளும் உண்டு. வட கரோலினாவின் டேவிட்சன் சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிதான், ஆனால் டிவிஷன் 1-இல் ஆடுகிறது. 1992-இல் அதன் ஆண்கள் அணி தேசிய அரையிறுதி வரை போய், சொந்த மைதானத்தில் சான் டியாகோ அணியிடம் தோற்றது. இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஹார்வர்ட், பிரின்ஸ்டன் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் தருவதில்லை. ஆனால் அவை டிவிஷன் 1.

சரி, ஆட்டத்தின் தரம் எப்படி இருக்கும்?

ஒரு நல்ல டிவிஷன் 3 ஆட்டத்தை நேரில் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். வேகம், உடல் பலம், பந்தைக் கட்டுப்படுத்தும் திறமை எல்லாமே பள்ளி அணிகளைவிட வெகு தூரம் மேலே. பள்ளியில் கேப்டனாக இருந்த பிள்ளைகள் முதல் நாள் பயிற்சியில் திகைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் அந்த அணியில் எல்லோருமே முன்னாள் கேப்டன்கள்.

இந்தக் கல்லூரிகளுக்கு இந்த ஆட்டத்தில் பழைய உரிமையும் இருக்கிறது. இன்றைய விதிகளின்படி அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் சாக்கர் ஆட்டம் என்று சொல்லப்படுவது 1905 ஏப்ரல் 1 அன்று ஹேவர்ஃபர்ட் ஹார்வர்டோடு ஆடியதுதான். ஹேவர்ஃபர்ட் 1-0 என்று வென்றது.

பென்சில்வேனியாவின் மெசையா, ஆண்கள் பிரிவில் 2000-க்கும் 2017-க்கும் இடையில் மட்டும் 11 தேசியப் பட்டங்கள் வென்றது. 2005, 2008, 2009, 2012 ஆகிய நான்கு ஆண்டுகளில் அதன் ஆண், பெண் அணிகள் இரண்டும் ஒரே ஆண்டில் சாம்பியன். கிறிஸ்தவப் பின்னணி கொண்ட, பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத ஒரு கல்லூரி இது. 2020-இல்தான் பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

எனக்கு மிகவும் பிடித்த கதை நார்த்ஃபீல்டுடையது. மினசோட்டாவில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் வாழும் ஊர். கேனன் ஆற்றங்கரையில் கார்ல்டன், செயின்ட் ஓலாஃப் என்று இரண்டு கல்லூரிகள். இரண்டுக்கும் தீராத போட்டி. 2023-இல் செயின்ட் ஓலாஃப் ஆண்கள் அணி இறுதியாட்டத்தில் ஆம்ஹர்ஸ்ட்டை 2-1 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது. அதுவரை வடகிழக்குக் கல்லூரிகளின் பெயரையே கேட்டுப் பழகிய காதுக்கு அந்தச் செய்தி எவ்வளவு இனிமையாக இருந்தது!

ஸ்காலர்ஷிப் இல்லையென்றால் பணத்துக்கு என்ன செய்வது?

இங்கேதான் நிறையப் பேர் பாதியிலேயே போனை வைத்துவிடப் பார்க்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பெயர்பெற்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும். ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்து அவர்கள் தரும் உதவித்தொகை பெரியது. சேர்த்துக்கொண்ட மாணவரின் முழுத் தேவையையும் தருவோம் என்று உறுதி சொல்லும் கல்லூரிகள் பல இருக்கின்றன. டிவிஷன் 1-இல் பாதி ஸ்காலர்ஷிப் வாங்குவதைவிட இங்கே குறைவான செலவில் படித்த பிள்ளைகளை எனக்கே தெரியும்.

அமெரிக்காவில் வாழும் குடும்பம் என்றால், கல்லூரியின் இணையதளத்தில், உதவி போக நீங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு என்று கணித்துக் காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும். கோச்சோடு பேசத் தொடங்கும் முன்னரே அதில் உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மதிப்பெண்ணுக்கும் சாதனைக்கும் தரப்படும் மெரிட் தொகை சில கல்லூரிகளில் உண்டு. கென்யன், டெனிசன், ஓபர்லின் போன்ற ஒஹாயோ கல்லூரிகள் அதற்குப் பெயர்பெற்றவை. ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் மாதிரி இடங்களில் தேவையைப் பார்த்துத்தான் தருவார்கள்.

நன்றாகப் பந்து ஆடுகிறார் என்பதற்காக ஒரு டாலர் கூடக் கூடுதலாகத் தர டிவிஷன் 3 விதிகள் இடம் தரவில்லை. விளையாடும் மாணவர்களுக்குத் தந்த உதவி மற்ற மாணவர்களுக்குத் தந்ததோடு ஒத்துப்போகிறதா என்று என்.சி.ஏ.ஏ. கணக்கும் கேட்கும்.

அப்புறம் கோச்சால் என்ன பயன்? அட்மிஷனில் உதவுவாரா?

உதவுவார். இதைத் தெளிவாகச் சொல்லாமல் மழுப்புகிறவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போட்டி கடுமையான கல்லூரிகளில் ஒவ்வொரு கோச்சும் ஆண்டுதோறும் ஒரு சிலரை, “இவர் எனக்கு வேண்டும்” என்று அட்மிஷன் அலுவலகத்திடம் சொல்லலாம். மற்றபடி படிப்பில் தகுதி உள்ள பிள்ளைக்கு அந்த ஒரு சொல் பெரிய பலம். எண்ணிக்கை குறைவு என்பதால் கோச் அதை வீணாக்க மாட்டார். ஆகவே 12-ஆம் வகுப்பு தொடங்கும் முன், ஜூலை மாதவாக்கில், “மதிப்பெண் பட்டியலை அனுப்புங்கள், அட்மிஷனில் ஒருமுறை காட்டிப் பார்க்கிறேன்” என்பார். இதை ப்ரீ-ரீட் என்பார்கள். பள்ளி மதிப்பெண், எஸ்.ஏ.டி. எழுதியிருந்தால் அந்த மதிப்பெண், அடுத்த ஆண்டு எடுக்கப்போகும் பாடங்கள், இவற்றைப் பார்த்துவிட்டு அலுவலகம் கோச்சுக்கு ஒரு கருத்துச் சொல்லும். நல்ல பதில் வந்தால் கோச் உங்களை எர்லி டிசிஷனில் விண்ணப்பிக்கச் சொல்வார். அதன் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பரில், முடிவு டிசம்பரில். சேர்த்துக்கொண்டால் அங்கேதான் சேர வேண்டும் என்ற உறுதியோடு போடும் விண்ணப்பம் அது.

ப்ரீ-ரீட் நன்றாக வந்தால் சீட் உறுதி என்று பொருள் இல்லை. டிவிஷன் 3 கோச்சின் வாய்ச்சொல் ஒப்பந்தமும் இல்லை. அதனால் மூன்று கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். “அட்மிஷனில் எனக்கு உங்கள் முழு ஆதரவு உண்டா, அல்லது நானாகச் சேர்ந்தால் அணியில் இடம் தருவீர்களா?” “என் பொசிஷனில் இந்த ஆண்டு எத்தனை பேரை எடுக்கிறீர்கள்?” “சென்ற ஆண்டு நீங்கள் ஆதரித்தவர்களில் யாருக்காவது சீட் மறுக்கப்பட்டதா?” நல்ல கோச் நேராகப் பதில் சொல்வார். பதில் சுற்றி வளைத்து வந்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம். என் மகளிடம் ஒரு கோச் ஆகஸ்ட் வரை இனிக்க இனிக்கப் பேசினார், செப்டம்பரில் மெயிலுக்குப் பதிலே இல்லை. அழுதாள். அந்த இரண்டாவது கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் அந்த அழுகை மிச்சம்.

கோச்சை எப்படி அணுகுவது?

பிள்ளை தன் கையால் எழுதிய மெயில். அப்பா, அம்மா எழுதியது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். கல்லூரியின் பெயர், ஏன் அந்தக் கல்லூரி, படிக்க விரும்பும் பாடம், மதிப்பெண், பொசிஷன், எந்தக் கிளப், அடுத்து எங்கே ஆடப்போகிறார் என்ற பட்டியல், மூன்று நான்கு நிமிட வீடியோ. வீடியோவில் கோல் மட்டும் போதாது. பந்தை இழந்தபின் அடுத்த ஐந்து நொடியில் என்ன செய்கிறார் என்று பார்க்கத்தான் கோச்சுகள் விரும்புகிறார்கள். கோடையில் கல்லூரிகளே நடத்தும் ஐ.டி. கேம்ப்களுக்கு, அதாவது கோச்சுகள் ஆட்டத்தைப் பார்த்து ஆள் தேடும் முகாம்களுக்கு, போகலாம், ஆனால் பெயரைப் போட்டுப் பொதுவாக வரும் அழைப்புகளை எல்லாம் அழைப்பு என்று எண்ணிப் பணம் கட்டாதீர்கள். அந்தக் கோச் உங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறாரா என்பதுதான் முக்கியம்.

இந்தியாவிலிருந்து நேரடியாக வர முடியுமா?

முடியும், வருகிறார்கள். மூன்று விஷயங்கள் கவனிக்க வேண்டும்.

பணம் முதலில். வெளிநாட்டு மாணவர்களுக்குப் பெரும்பாலான கல்லூரிகளில், எவ்வளவு உதவி தேவை என்பது சேர்க்கை முடிவையே பாதிக்கும். ஆம்ஹர்ஸ்ட், போடன் போன்ற சில கல்லூரிகள் மட்டும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் பணத் தேவையைப் பார்க்காமல் முடிவெடுக்கின்றன.

அடுத்தது அமெச்சூர் தகுதி. பணம் வாங்கிக்கொண்டு தொழில்முறை கிளப்பில் ஆடியிருந்தால் சிக்கல் வரும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் என்.சி.ஏ.ஏ.-வின் தகுதி மையத்தில் அமெச்சூர் சான்று வாங்க வேண்டும். பள்ளி முடித்துவிட்டுப் பல ஆண்டுகள் லீக் ஆடிவிட்டு வர நினைப்பவர்கள், முதலில் கல்லூரியின் விதிமுறை அதிகாரியிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக விசா. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் செமஸ்டர் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம். 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க அனுமதி வந்தது. அதைக் கேள்விப்பட்டு வெளிநாட்டு மாணவர்கள் அவசரப்பட வேண்டாம், விசா விதி குறுக்கே நிற்கும்.

படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்துச் சமாளிக்க முடிகிறதா? ஒரு வாரம் எப்படி இருக்கும்?

சீசன் முழுக்க இலையுதிர் காலத்தில். ஆகஸ்ட் பிற்பகுதியில் பயிற்சி தொடங்கும், செப்டம்பர், அக்டோபர் முழுக்க ஆட்டங்கள், நவம்பர் தொடக்கத்தில் கான்ஃபரன்ஸ் போட்டி, அதாவது ஒரே கூட்டமைப்பில் உள்ள கல்லூரிகளுக்குள் நடப்பது. அதையும் தாண்டினால் தேசியப் போட்டி டிசம்பர் தொடக்கம் வரை போகும். வசந்த காலத்தில் விதிகள் அனுமதிக்கும் சில வாரங்கள் மட்டும் பயிற்சி.

என் மகளின் வாரத்தைச் சொல்கிறேன். காலையில் வகுப்பு. மதியம் வேதியியல் லேப் நான்கு மணிக்கு முடியும், பயிற்சி நாலரைக்கு. நடுவில் வாழைப்பழம், ஓட்டம். ஆறரைக்குப் பயிற்சி முடிந்ததும் ஈரத் தலையோடு மொத்த அணியும் டைனிங் ஹாலில் ஒரே நீள மேஜையில். எட்டு மணிக்கு நூலகம். ஒருநாள் இரவு வீடியோ பார்ப்பது. புதன்கிழமை ஆட்டம், சனிக்கிழமை ஆட்டம், ஞாயிறு ஓய்வு என்றால் படிப்பு. வெளியூர் ஆட்டம் என்றால் பஸ்ஸில் நான்கு மணி நேரம் கூட ஆகும், உள்விளக்கைப் போட்டுக்கொண்டு பாதிப் பேர் படித்துக்கொண்டே வருவார்கள். ஒருமுறை ஹோட்டல் அறையில், உதவிக் கோச் மேற்பார்வையில், மிட்-டெர்ம் எழுதினாள்.

லேப் நேரம்தான் உண்மையான முடிச்சு. அறிவியல் மேஜர் எடுக்கப்போகிறவர்கள் கோச்சிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும்: “லேப் இருக்கும் நாளில் பயிற்சிக்குத் தாமதமாக வந்தால் என்ன ஆகும்?” என் மகளின் கோச் சொன்ன பதில், “லேப் முடித்துவிட்டு வா.” அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி. பயிற்சிக்காக வகுப்பைத் தவறவிடக் கூடாது என்பது இந்தக் கல்லூரிகளில் பொது நடைமுறை.

சாக்கர் விதிகள் உலகம் முழுக்க ஒன்றுதானே?

கல்லூரி ஆட்டத்தில் சில மாற்றங்கள் உண்டு. கடிகாரம் 45-இலிருந்து பூஜ்யத்தை நோக்கி இறங்கும். கோல் விழுந்தாலோ கார்டு காட்டினாலோ நிற்கும். ரெஃப்ரி மனசுக்குள் சேர்த்து வைக்கும் கூடுதல் நிமிடங்கள் கிடையாது. கடைசிப் பத்து நொடியை மைதானமே சேர்ந்து எண்ணும். வெளியே போன வீரர் இரண்டாம் பாதியில் ஒருமுறை திரும்ப உள்ளே வரலாம், அதனால் நிறைய மாற்று வீரர்களுக்கு வாய்ப்பு வரும். 2022 முதல் வழக்கமான சீசனில் கூடுதல் நேரம் எடுக்கப்பட்டுவிட்டது, சமம் என்றால் சமம்தான்.

பெண்கள் அணிகளுக்கு அதே மதிப்பு உண்டா?

எங்கள் அனுபவத்தில் உண்டு: அதே மைதானம், அதே பஸ், அதே பயிற்சியாளர் வசதி. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டின் டைட்டில் 9 சட்டம்தான் இதற்கு அடித்தளம். டிவிஷன் 3 பெண்கள் தேசியப் போட்டி 1986-இல் தொடங்கியது. ஸ்மித், வெல்லஸ்லி, பிரின் மாவர், மவுண்ட் ஹோலியோக் போன்ற பெண்கள் கல்லூரிகளும் டிவிஷன் 3-இல் சாக்கர் ஆடுகின்றன.

கோச்சுகளிடமும் மாற்றம் வருகிறது. 2022-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆண்கள் அணியின் தலைமைக் கோச்சாக வந்த ஜூலியான் சிட்ச், முதல் சீசனிலேயே ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் டிவிஷன் 3 பட்டம் வென்றார். ஆண்கள் சாக்கரில் ஓர் அணியை என்.சி.ஏ.ஏ. பட்டத்துக்கு அழைத்துச் சென்ற முதல் பெண் அவர். இறுதியாட்டத்தில் அவர்கள் வென்றது வில்லியம்ஸ் கல்லூரியை. சிகாகோ பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகம்தான், ஆனாலும் டிவிஷன் 3-இல் ஆடுகிறது. அன்று அந்த ஆட்டத்தை என் மகளோடு சேர்ந்து பார்த்தேன். கடைசி விசில் ஊதியதும் அவள் எழுந்து நின்று கைதட்டினாள்.

ஆட்டக்காரர்களுக்கு இப்படி இடம் ஒதுக்குவது நியாயமா?

கேட்க வேண்டிய கேள்வி. ஆயிரத்துச் சொச்சம் மாணவர்கள் உள்ள இடத்தில் அணிகளுக்காகச் சேர்ப்பவர்கள் ஒரு பெரிய பங்கு. அமெரிக்காவில் சாக்கர் கிளப்புகளுக்குக் கட்டணம் அதிகம், வெளியூர்ப் போட்டிகளுக்குச் செலவு இன்னும் அதிகம். ஆகவே கோச்சின் கண்ணில் படுகிறவர்களில் வசதியான, வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் கூடுதலாக இருக்கிறார்கள். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியே தன் விளையாட்டுத் துறையைப் பற்றி ஆராய்ந்து இந்தக் குறையை வெளிப்படையாக எழுதியது. எங்கள் வீட்டிலும் கிளப் கட்டணத்துக்காகச் சிலவற்றை விட்டுக்கொடுத்தோம். விட்டுக்கொடுக்க எதுவும் இல்லாத வீட்டுப் பிள்ளை அந்த மைதானத்துக்கே வந்திருக்காது என்பது எனக்குத் தெரியும். கல்லூரிகள் பள்ளி அணிகளையும் இலவசக் கிளப்புகளையும் தேடிப் போக வேண்டும். அதைச் செய்யும் கோச்சுகள் இருக்கிறார்கள், போதுமான அளவுக்கு இல்லை.

சேர்ந்த பிறகு காயம் பட்டால், அல்லது ஆட வாய்ப்பே கிடைக்காவிட்டால்?

உதவித்தொகை ஆட்டத்தோடு கட்டப்படவில்லை என்பதால் அணியை விட்டாலும் அது அப்படியே இருக்கும். டிவிஷன் 3-இன் பெரிய வரம் என்று நான் நினைப்பது இதைத்தான். என் மகளுக்கு இரண்டாம் ஆண்டில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சை, ஒன்பது மாதம் ஆட்டம் இல்லை. அந்த ஒன்பது மாதமும் அவள் படித்தாள், லேபில் வேலை பார்த்தாள், அதே நீள மேஜையில் அணியோடு சாப்பிட்டாள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அவளிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: “நாளைக்கே ஆட முடியாமல் போனாலும் இந்த இடத்தில் இருக்க உனக்குப் பிடிக்குமா?” இரண்டு கல்லூரிகளுக்கு இல்லை என்றாள். அவற்றில் ஒன்றின் அணி நாட்டிலேயே முன்னணியில் இருந்தது. அதை விட்டுவிட்டோம்.

பெஞ்சில் உட்காருவது வேறு வலி. முதல் ஆண்டில் பலருக்கு அதுதான் நடக்கும், வீட்டில் அதைப் பேசி வையுங்கள்.

படிப்பு முடிந்ததும் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகலாமா?

அபூர்வம். ஜமைக்காவுக்காக ஆடிய காரி ஸ்டீபன்சன் வில்லியம்ஸில் படித்தவர். அங்கிருந்து 2004-இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான மேஜர் லீக் சாக்கருக்குப் போனார். இப்படிச் சிலர் உண்டு. ஆனால் அதை எதிர்பார்த்து இங்கே வர வேண்டாம்.

சாக்கர் பிடிக்கும், ஆனால் கிரிக்கெட் ரத்தத்தில் ஊறியது. வழி உண்டா?

மறுபடியும் ஹேவர்ஃபர்ட். அமெரிக்காவில் கிரிக்கெட்டை வார்சிட்டி விளையாட்டாக வைத்திருக்கும் ஒரே கல்லூரி அதுதான்.

ஆட்டம் பார்க்கப் போகும் பெற்றோர் என்ன எடுத்துப் போக வேண்டும்?

மடக்கு நாற்காலி, கனத்த போர்வை, ஃபிளாஸ்கில் காபி. செப்டம்பரில் வெயில் சுடும். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்துவிட்டால் மாலை நாலரைக்கே இருட்டும், விரல் விறைக்கும். வழக்கமான சீசனில் டிக்கெட் பெரும்பாலும் கிடையாது, கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கலாம். ஆட்டம் முடிந்ததும் பெற்றோர் கொண்டுவந்த சாப்பாட்டை மேஜை போட்டுப் பரப்புவார்கள். முதல் தடவை நான் பெரிய டப்பாவில் எலுமிச்சை சாதம் கொண்டு போனேன், யார் தொடுவார்கள் என்ற தயக்கத்தோடு. தோற்ற அணி அது, ஒருவரும் பேசவில்லை. கோல்கீப்பர் பெண் முதலில் வந்து ஒரு தட்டு எடுத்தாள், அப்புறம் வரிசை நின்றது. நான்காம் ஆண்டு கடைசி ஆட்டம் வரை அந்த டப்பா என் காரில் போய் வந்தது.